இருபத்திரண்டு நிமிடம்

பித்தளைச் சக்கரங்கள் முப்பத்தெட்டு.
நிலாவுக்கு ஒன்று, சூரியனுக்கு ஒன்று,
நிலா சற்றே கோணலாக நடப்பதற்கு ஒன்று,
கிட்ட வந்து எட்டப் போவதற்கு ஒன்று,
மிச்சத்தைச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வரும்.
கைப்பிடியைச் சுற்றுவேன்.
பேனா ஏறும், இறங்கும்.
இரண்டு நாளில் ஓராண்டுக் கடல்
சுருளாக என் மேசையில் கிடக்கும்,
இன்னும் வராத கடல்.

நார்வேயின் வடகோடியில் எங்கள் அலுவலகம்.
நான் அச்சிடும் அட்டவணையை மீனவர்கள்
ரொட்டி டப்பாவின் மூடிக்குள் ஒட்டிவைப்பார்கள்.
ஹெஸ்ட்சுந்த் நீரிணையில்
ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டம் திரும்பும்.
திரும்பும் முன் கொஞ்சம் நிற்கும்,
மூச்சை இழுத்தவன் விட மறந்ததுபோல்.
அந்த இடைவெளியில்தான் படகுகள் கடக்கும்.

பிப்ரவரி ஒன்பது. ஓட்டம் நிற்பது மாலை 4:32.
ஐலெர்ட் கயிற்றை அவிழ்த்தது 4:10.
ஐலெர்டைக் கடல் துப்பிவிட்டது.
ஹால்வாரைத் துப்பவில்லை.

விசாரணையில் கேட்டார்கள்:
"காத்திருந்திருக்க முடியாதா?"
"தெரியவில்லை" என்றான்.
எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.
ஹால்வாரின் மனைவி தூர்டிஸ்
கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டினாள்.

மார்ச்சில் என்னிடம் வந்தான்.
தொப்பியில் பனி. உட்காரவில்லை.
இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்,
மாடு வாங்க வந்தவன்போல்.
"இதற்குள் ஒரு சக்கரம் போடு.
எனக்கு.
பிப்ரவரி ஒன்பதுக்குத் திருப்பு.
என் கை எங்கே போகிறது, பார்."

பாதிரியாரிடம் போயிருந்தால்
ஆண்டவன் சித்தம் என்றிருப்பார்.
நான் பித்தளையை நம்புகிறவள். சொன்னேன்:

ஐலெர்ட், உன் கையும் உப்பு நீர்தான்.
அன்று காலை காப்பித்தூள் தீர்ந்திருந்தது,
இடது பூட்ஸில் ஈரம்,
மீன் கிடங்கை ஆறுக்கு மூடுவார்கள், விலை வேறு சரிந்துகொண்டிருந்தது;
உன் அப்பாவுக்குப் பொறுமை கிடையாது, அவருடைய அப்பாவுக்கும்;
நரம்பில் ஒரு பொறி,
அதைக் கிளப்பியது முந்தைய பொறி, அதை அதற்கும் முந்தையது,
பின்னால் போகப் போக
நீயும் இல்லை, நார்வேயும் இல்லை,
ஆறிக்கொண்டிருக்கும் தீக்குழம்பு மட்டும்.
கயிறு அங்கேயே அவிழ்ந்துவிட்டது.
போதுமான சக்கரங்கள் இருந்திருந்தால்
4:10 என்று முந்தைய வருஷமே அச்சிட்டிருப்பேன்.
உன்னால் காத்திருந்திருக்க முடியாது.

மன்னிப்பைப் பொட்டலம் கட்டி நீட்டிவிட்ட நினைப்பு எனக்கு.

நெடுநேரம் பேசவில்லை.
பிறகு: "அப்படியானால்
ராத்திரி மூன்று மணிக்கு
என் கட்டிலில் எழுந்து உட்காருகிறவன் யார்?
வெட்கப்படுவதும் நிலாவா?"

"அதுவும்தான்" என்றேன்.
குரல் சரியாக வரவில்லை.

"வேண்டாம்" என்றான்.
"படகு போயிற்று. ஹால்வார் போனான்.
என்னிடம் மீந்தது அந்த இருபத்திரண்டு நிமிடம்.
அதை நீ எடுத்துக்கொள்ளாதே.
கையில் கயிறு இருந்தது. ஈரமாக இருந்தது.
தெரிந்துதான் அவிழ்த்தேன்.
நாளைக்கும் ஒரு கயிறு இருக்கும், பார்."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.
அறைந்து சாத்துவான் என்று கணித்திருந்தேன்.
அது ஒன்றையும் நிரூபிக்காது, தெரியும்.
என்னிடம் போதுமான சக்கரங்கள் இல்லை, அவ்வளவுதான்.

அன்று மாலை
தூர்டிஸ் வீட்டு வாசலில் நின்றானாம்.
தட்ட ஓங்கிய கை ஓங்கியபடியே,
தோளில் பனி சேரும்வரை.
எதிர்வீட்டுக்காரி திரையை விலக்கிப் பார்த்தாளாம்.
பிறகு தட்டினானாம்.
உள்ளே என்ன பேசினார்கள்
என்று எதிர்வீட்டுக்காரிக்கே தெரியவில்லை.

அடுத்த ஆண்டுக் கடலைத் தொடங்கியிருக்கிறேன்.
பிப்ரவரி ஒன்பது வந்ததும் கைப்பிடி நின்றது.
நிறுத்தினேன் என்று எழுதத்தான் நினைத்தேன்.
கேட்டால் தோள்வலி என்பேன்,
வெளிச்சம் போய்விட்டது என்பேன்,
இரண்டும் உண்மை.
பேனா காகிதத்தில் ஊன்றியபடி இருக்கிறது.
மை ஒரே இடத்தில் ஊறிப்
பெரிதாகிக்கொண்டு போகிறது.