தடபாத்தியம்

குறிச்சி சிட்கோவில் மழை.
ஆயிரத்து நாற்பது பம்ப் கன்ட்ரோலர்கள்,
பெட்டிமேல் ஹாம்பர்க் என்று ஒட்டியாயிற்று.
செவ்வாயன்று தடையுத்தரவு:
ஜெர்மன் மண்ணில் இறக்கக் கூடாது.

உள்ளே நகத்தளவு மோடம்.
டவரோடு பேச அதற்கு ஒரே பாஷை.
எல்லாரும் இப்படித்தான் பேசணும் என்று
கூடி எழுதியவர்களில் ஒருவன்
இப்போது வாய் திறக்கக் காசு கேட்கிறான்.
"நியாயமான விலைதானுங்க" என்கிறார் வக்கீல் சென்னியப்பன்.
எவ்வளவுங்க?
அது ரகசியமாம்.

பேங்க்கில் ஈடு வைக்க
அரசூர்ப் பத்திரத்தை எடுத்தேன்.
'மாமூல் இட்டேரித் தடத்தில்
ஆள், கால்நடை, வண்டி வாகனம்
போக வரப் பாத்தியம்.'
அதே கவரில்
கீழ்த்தோட்டத்து மயிலாத்தாள்
என்மேல் போட்ட வழக்கின் சம்மன்.

இட்டேரிக்கு நான் போட்ட கேட்டின் சாவி
டிராயரில்தான் கிடக்கிறது.