மூன்றாம் நடைமேடையின் குரல்

நாற்பத்தேழு வயதில் எதற்கு இது
என்று நேரே கேட்டவன் என் மகன் மட்டும்தான்.
மற்றவர்கள் என் வாயைப் பார்த்துவிட்டு
பனி எப்போது உருகும் என்று பேசினார்கள்.

மருத்துவர் ஒல்கியெர்ட் எக்ஸ்ரே காட்டினார்.
திங்கள்கிழமைக் காலைப் பெட்டி மாதிரி இருந்தது என் தாடை:
ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றது.
கடைவாயில் மேலும் கீழும்
பல வருடமாய்ப் பேச்சுவார்த்தை இல்லை.
இருபத்திரண்டு மாதம் ஆகும் என்றார்.
இருபத்திரண்டு நிமிடத் தாமதம் என்று
நானே எத்தனை முறை அறிவித்திருக்கிறேன்.
முப்பது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

ஒட்டுகிற நாளில் வலியே இல்லை.
புளிப்பாய் ஒரு களிம்பு, ஊதும் காற்று,
பல்லுக்குப் பல் நீல வெளிச்சம்.
எச்சில் மட்டும் யார் சொல்லுக்கும் அடங்கவில்லை.
பிறகு கண்ணாடியில் பார்த்தால்
வாய்க்குள் ஒரு தண்டவாளம்.

வலி இரவு ஒன்பதுக்கு வந்தது, நேரம் தவறாமல்.
பல்லைக் கடித்துக்கொண்டு பொறு என்பார்கள்.
கடிக்க முடிந்தால்
பொறுக்க என்ன இருக்கிறது?
மூன்று நாள் பீட்ரூட் சூப்.
நான்காம் நாள் மசித்த உருளைக்கிழங்கு.
ரொட்டியின் ஓரங்களை மகன் தின்றான்.
கம்பி முனை கன்னத்தை உழுத இடத்தில்
மெழுகு உருட்டி ஒட்டினேன்,
சூப்போடு அதையும் விழுங்கினேன்.
பாதகமில்லை என்றார் ஒல்கியெர்ட், நிமிராமல்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது:
பற்கள் ஆடும்.
நள்ளிரவில் நாக்கால் தள்ளிப் பார்த்து
எண்ணினேன். இருபத்தெட்டு.
மறுபடி எண்ணினேன்.

சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன் இதை:
குத்னோ சந்திப்பில் பத்தொன்பது வருடம்
ச, ஷ, ஸ விற்றுப் பிழைத்தவள் நான்.
என் பெயரே ஜ்ஜிஸ்வாவா.
கம்பி போட்ட முதல் வாரம்
ஷ்செச்சின் விரைவு வண்டி
என் வாயிலிருந்து நனைந்துகொண்டே புறப்பட்டது.
பிட்கோஷ்ச் என்றேன், மைக்கில் தூறல்.
வென்சித்சாவை மென்று மழுப்பியதில்
முயல் கூண்டோடு ஒருத்தி
வேறு வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.
இன்றும் அந்த முயல் நினைவில் வரும்.

ஆறு வாரத்துக்கு ஒரு முறுக்கல்.
ஆப்பிளைக் காகிதமாய்ச் சீவினேன்.
இடுக்குப் பிரஷ் இல்லாமல் கல்யாணத்துக்குப் போனதில்லை.
பதினோராம் மாதம் ரப்பர் வளையங்கள்:
மேலே கோரைப்பல், கீழே கடைவாய்.
கொட்டாவி விட்டேன்,
ஒன்று பறந்து கணினித் திரையில் ஒட்டிக்கொண்டது,
சரியாக வார்சா வண்டியின் மேல்.

அந்த மாதம்தான் இரண்டு பேர் பெட்டியோடு வந்தார்கள்.
இனி கணினியே அறிவிக்குமாம்,
அதற்கு ஒரு குரல் வேண்டுமாம்.
எல்லா ஊரும், எல்லா எண்ணும்,
தாமதத்துக்கு வருந்துகிறோம் என்பதும்.
கம்பி கழற்றும்வரை பொறுங்கள் என்றேன்.
பணம் டிசம்பரோடு தீர்கிறது என்றார்கள்.
இரண்டு நாள் படித்தேன்,
எச்சிலை விழுங்கி விழுங்கி.

முப்பத்தோராம் மாதம் கழற்றினார்.
இடுக்கியில் கல் உப்பு நொறுங்கும் சத்தம்.
பிறகு நாக்கு வழுக்கியது,
தன் வீட்டில் தானே விருந்தாளியாய்.
வெளியே வந்ததும் பச்சை ஆப்பிள், முழுசாக,
சாறு முழங்கைவரை.
இரவுக்கு ஒரு கண்ணாடி நிற உறை தந்திருக்கிறார்,
ஆயுளுக்கும் போட வேண்டும்.
பல் பழைய இடத்தை மறப்பதில்லையாம்.

இப்போது எனக்கு வேலை, தொலைந்த பொருள் அறையில்.
குடைகள், ஒற்றைக் கையுறைகள்,
சென்ற வாரம் ஒரு செயற்கைப் பல் தொகுதி.
மாலையில் மூன்றாம் நடைமேடையில் நிற்கிறேன்.
மேலே ஒலிபெருக்கியில் அவள்,
இன்னும் கம்பியோடு, இன்னும் ஈரத்தோடு,
ஷ்ஷெஷ்ஷின் என்கிறாள்.
ஷ்செச்சின் என்று கீழே நின்று
மெல்லத் திருத்துகிறேன்.
வண்டி நான்கு நிமிடம் தாமதம்.
அவள் வருந்தினாள்.