பெருக்குதல்

பஃபலோ நகரத்தின் மேற்குப் புறம்.
ஏரிக்காற்று நேராக வந்து முட்டும் தெருவில்
மூன்றாவது வீடு, மேல்தளம்.
நான் கதவைத் தட்டியபோது
உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தாள் ந்சிமிரே.

கொங்கோவிலிருந்து வந்தவள்.
இடையில் ஏழாண்டு, முகாமில்.
கூடாரத்துக்கு ஜன்னல் கிடையாது என்றாள்.
ஒரு முறைதான் சொன்னாள்.

மகன் அகோன்க்வாவுக்கு இரண்டு வயது.
அவன் ரத்தத்தில் ஈயம்
ஜூனில் ஒன்பது,
செப்டம்பரில் பதினேழு.
"தினம் மூன்று முறை பெருக்குகிறேன்" என்றாள்,
நான் கேட்காத கேள்விக்குப் பதிலாக.

பெட்டியிலிருந்து கருவியை எடுத்தேன்.
துப்பாக்கி என்று நினைத்துப்
பையனைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.
சுடாது என்று காட்ட
என் கையிலேயே வைத்து அழுத்துவதுபோல் நடித்தேன்.
பையன் மட்டும் சிரித்தான்.

சுவரில் இல்லை. கதவில் கொஞ்சம்.
ஜன்னல் சட்டத்தில் வைத்ததும்
எண் ஏறியது, ஏறிக்கொண்டே போனது.
வெள்ளைக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே பழுப்பு,
எல்லாவற்றுக்கும் அடியில்
நூறு வருடத்துக்கு முன் யாரோ
காசு சேர்த்து வாங்கி
ஆசையாய்ப் பூசிய முதல் வெள்ளை.

மேலே தூக்கித் திறக்கும் ஜன்னல்.
தூக்கும்போது மரம் மரத்தை உரசும்,
உரசிய இடத்தில் மாவு உதிரும்.
மாவு விழும் இடத்தில்
ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் டிராக்டர்.
அவனுக்குச் சரக்கு ரயில் பார்க்க வேண்டும்.
ஒரு நாளைக்கு ஐந்து ரயில்.
ஐந்து முறையும் தூக்கிக் காட்டியிருக்கிறாள்.

ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றியதுபோல் என்பார்கள்.
காய்ச்சவே வேண்டாம்.
ஒரு கட்டைவிரல், கொஞ்சம் எச்சில்.
இனிக்கும் வேறு.

துடைப்பத்தை அவளிடமிருந்து வாங்கினேன்.
இதை எந்தப் படிவத்திலும் எழுதுவதில்லை,
வாயால்தான் சொல்ல வேண்டும்:
உலர்ந்த துடைப்பம் அந்தத் தூசியை வெளியேற்றாது,
எழுப்பிவிடும்.
எழுந்தது தலையணையில் உட்காரும்,
பால் குவளையின் விளிம்பில் உட்காரும்.
அந்தத் தெருவிலேயே சுத்தமான தரை அவளுடையது.
பெருக்கப் பெருக்கப்
பெருகியிருக்கிறது.

அவள் அழவில்லை.
துடைப்பத்தின் முனையில் சிக்கிய நூலைப்
பிய்த்து எடுத்தாள், வெகுநேரம்.

வீட்டுக்காரர் கச்மரெக் தொலைபேசியில்:
"மேலே ஒரு பூச்சு அடித்துவிடுகிறேனே?"
"ஏற்கெனவே ஏழு அடித்தாயிற்று" என்றேன்.
கடிதம் அனுப்பினேன். இரண்டாவதும் அனுப்பினேன்.
மூன்றாவது நீதிமன்றத்திலிருந்து போனது.

என் தம்பி லெஸ்டர் வளர்ந்த வீடு
அங்கிருந்து நாலு தெரு தள்ளி.
ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தான்.
மக்கு என்றார்கள்.
நானும் சொன்னேன்.
ஜன்னலை
யாரும் எதுவும் சொல்லவில்லை.

கடிதங்கள் போய் வருவதற்குள்
ஜன்னலை மூடி நாடா ஒட்டினோம்.
இரண்டு வாளி: ஒன்றில் சோப்பு, ஒன்றில் வெறும் தண்ணீர்.
துடைத்த காகிதத்தை மடித்து உடனே குப்பையில்.
செருப்பு வாசலுக்கு வெளியே.
சோற்றுக்கு முன், தூக்கத்துக்கு முன் கை.
டிராக்டரைக் கூடக் குளிப்பாட்டினான்.
ரயில் சத்தம் கேட்கும்போது மட்டும்
நாடா ஒட்டிய கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றான்.

மார்ச்சில் புது ஜன்னல் வந்தது. எண் பதினொன்று.
"போய்விடுமா?" என்றாள்.
ரத்தத்திலிருந்து இறங்கும், எலும்பு மெதுவாகத்தான் விடும்,
எதைக் கெடுத்தது என்று இப்போது தெரியாது என்றேன்.
தலையாட்டினாள்.
பொய் சொல்லியிருந்தால் கண்டுபிடித்திருப்பாள்.

கடைசியாக நான் போனபோது
கீழ்த்தளத்துக்கு ஆள் வந்திருந்தார்கள்.
பர்மாவிலிருந்து, வயிற்றில் ஏழு மாதம்,
கையில் புதுத் துடைப்பம்.
நான் பெட்டியைத் திறப்பதற்குள்
ந்சிமிரே இரண்டு வாளியோடு படியிறங்கிவிட்டாள்.
அவர்களுக்குள் பொதுவாய் ஒரு சொல் கிடையாது.
அந்தப் பெண்ணை ஜன்னலருகே அழைத்துப்போனாள்.
தன் கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோய்,
தொடாமல் நிறுத்தி,
வேண்டாம் என்று தலையசைத்தாள்.

பிறகு துடைப்பத்தை வாங்கிச்
சுவரோரம் சாய்த்துவிட்டுத்
துணியை நனைத்தாள்.