இருபத்துநான்கு நொடி

எட்டு அணிகள் ஆடிய லீக்கில்
ஒன்பதாவதாகச் சோஹாரைச் சேர்த்தார்கள்.
அட்டவணை அதற்குள் அச்சாகிவிட்டிருந்தது.
கடைசிக் கோட்டுக்குக் கீழே
யாரோ பேனாவால் எழுதிய பெயர்: நவ்ரஸ்.
கடற்காகம் என்று பொருள்.
காகம் எதையும் விடாது.
நாங்கள் எல்லாவற்றையும் விட்டோம்.

அரங்கம் போன மாதம் வரை கைப்பந்துக்கு.
புது மஞ்சள் கோட்டுக்கு அடியில்
பழைய நீலம் இன்னும் தெரியும்.
முதல் வாரம் தலைவன் ஹிலாலே
நீலத்தில் கால் வைத்து நின்றான்.
அக்டோபர் ஈரக்காற்று.
கதவைத் திறந்தால் தரைக்கும் வியர்க்கும்.

பகலில் எனக்குத் துறைமுகம், சுங்கப் படிவங்கள்.
வியாழன் இரவுகளில்
கூடைக்கு மேலே எரியும் சிவப்பு எண்கள்
என் கட்டைவிரலுக்கு அடியில்.
பந்து கைமாறினால் இருபத்துநான்கு.
வளையத்தில் பட்டு எறிந்தவர்களிடமே திரும்பினால் பதினான்கு.
வேலை அவ்வளவுதான்,
ஆனால் விசிறியாக இருக்கக் கூடாது.
முதல் நாள் ஒரு கூடைக்குக் கைதட்டினேன்.
மூன்று நொடி எதிரணிக்கு இனாமாகப் போனது.

முதல் ஆட்டம், நாற்பத்தொரு புள்ளியில் தோல்வி.
இரண்டாவது முப்பத்தாறு.
"முன்னேற்றம்" என்றார் பயிற்சியாளர் நெபோய்ஷா,
சிரிக்காமல்.

ஊஸ்மான் செனகலிலிருந்து வந்தவன்,
ஏழடிக்கு ஓரங்குலம் குறைவு.
விசாப் படத்தில் அவனுக்குப் பாதி நெற்றிதான்.
அவன் காலணி, எண் ஐம்பத்துமூன்று,
ஆறு நாள் சுங்கத்தில் கிடந்தது.
விளம்பர மாதிரியா, விற்பனைச் சரக்கா,
பயன் என்ன என்று கேட்ட கட்டத்தில்
நானே எழுதினேன்: காலுக்கு.

கூட்டம் என்றால்
மருத்துவமனை முடிந்து சீருடையோடு வரும் மணிலாக்காரர்கள்;
அவர்களுக்கு மட்டும்தான் ஆட்டம் தெரியும்.
மற்றவர்கள் ஏசிக்கு வந்தவர்கள்.
மேல்வரிசைப் பையன்கள்
ஒவ்வொரு கூடைக்கும் "கோல்!" என்றார்கள்.
டிசம்பரில் ஒருவன் திருத்தினான்: "மூணு!"
அன்று விழுந்தது இரண்டுதான்.

பதினோராவது ஆட்டம். குவைத்காரர்கள்.
ஒரு புள்ளி பின்னால் நாங்கள்,
முப்பத்தொரு நொடி மீதம், பந்து எங்களிடம்.
ஹிலால் தட்டினான், தட்டினான்,
உள்ளே போக வழியில்லை,
நான்கு, மூன்று,
வெளியே போய்த் திரும்பிய பந்தை வாங்கி எழும்பினான்.
ஒலிப்பான் அலறியது.
பலகை ஓரம் சிவப்பானது.
பந்து வலையை அசைக்காமல் இறங்கியது.

அரங்கம் எழுந்தது.
செவிலி ரொவேனா முன்வரிசைக் கம்பியில் ஏறிவிட்டாள்.
மறுபடி போட்டுப் பார்க்க இங்கே கேமரா கிடையாது.
நடுவர் வஜ்தி
விசிலைக் கடித்தபடி மேசைக்கு நடந்து வந்தார்.
"கையிலா, காற்றிலா?"

நான் பார்த்திருந்தேன்.
எண் பூஜ்யமானபோது
அவன் நடுவிரலின் நுனியில்
பந்து இன்னும் ஒட்டியிருந்தது.

"கையில்."

மீதி ஏழு நொடியை
அவர்கள் சும்மா பந்தைத் தட்டியே கழித்தார்கள்.

நான்கு நாள் ஹிலால் பேசவில்லை.
அவனும் துறைமுகம்தான், இழுவைப் படகு.
ஐந்தாம் நாள் கையெழுத்துக்கு வந்தான்.
போட்டு முடித்தும் பேனாவைக் கீழே வைக்காமல்
கண்ணுக்கு நேரே நீட்டினான்:
"இப்போது?"
"கையில்" என்றேன்.
அதை எடுத்துக்கொண்டே போய்விட்டான்.
நல்ல பேனா.

வென்றோம், பிப்ரவரியில்,
பஹ்ரைனில், நான் இல்லாத அரங்கில்.
சஹம் பெட்ரோல் நிலையத்தில் காரை ஓரங்கட்டிப்
போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கடைசி நிமிடத்தில் படம் உறைந்தது,
ஊஸ்மான் வானத்தில்,
பலகையில் பதினொன்று.
அங்கேயே நின்றான் வெகுநேரம்.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
படம் திரும்பியபோது
எழுபத்தெட்டு, எழுபத்துநான்கு,
எல்லாரும் எல்லார் மேலும் கிடந்தார்கள்.
ஸ்டியரிங்கில் என் கட்டைவிரல் வலித்தது.
எவ்வளவு நேரமாக அழுத்திக்கொண்டிருந்தேன் தெரியவில்லை.

பதினாறில் ஒன்று.
மார்ச்சில் வளையங்களைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார்கள்;
அரங்கத்தில் சோபாக் கண்காட்சி.
ஊஸ்மான் ஒரு கட்டிலில் நீட்டிப் படுத்துப் பார்த்து
விலை கேட்டான்.

புது அட்டவணை இன்று வந்தது.
ஒன்பதாவது வரியில் நாங்கள்,
இந்த முறை அச்சில்,
ஓர் எழுத்துப் பிழையோடு.
மேசையைத் தடவினேன்,
பேனாவுக்கு.