எந்த நடுக்கம்

ராமநாதபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டேன்.
பாம்பன் பாலம் ஏறியதும்
மடியில் கிடக்கும் மஞ்சப்பையைப் படிப்பேன்:
ஜவுளிக்கடைப் பேர், போன் நம்பர்,
எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.
நாலாம் தடவை படித்து முடிக்கையில்
மண்டபம் வந்துவிடும்.

எட்டு வாரத்துக்கு ஒருமுறை
பெரியாஸ்பத்திரியில் ஜன்னலுக்கு எதிர்க்கட்டில்.
வீங்கிய விரல்முட்டிகளுக்கு மருந்து
தலைக்கு மேலே பையில் தொங்கும்.
"உப்புத்தண்ணியிலதான் கலந்து ஏத்துறோம்" என்றார்
ஜோவிட்டா சிஸ்டர், முதல் நாள்.
ஊசியைப் பிடுங்கிவிட்டேன்.
வார்டே திரும்பிப் பார்த்தது.
முப்பது வருசமாய் பாசிக்கு முங்கி
மூக்கிலும் வாயிலும் குடித்தது போதாதா,
நரம்புக்குள்ளும் வரவேண்டுமா அது?

இப்போது சிஸ்டர் உப்பென்று சொல்வதில்லை.
"குளுகுளுன்னு ஏறும் பூமயில், கண்ண மூடாத."

மருந்துக்கு முன்னால் ஒரு ஸ்டீராய்டு ஊசி உண்டு.
அன்றைக்கு ராத்திரி சர்க்கரை
ஆனி மாதத்துக் கச்சான்போல எழும்பும்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
நாக்கு மரக்கட்டை.
அதை இறக்க இன்சுலின்;
இறங்கத் தெரியும் அதற்கு, நிற்கத் தெரியாது.
மூன்றாம் நாள் விடியலில்
வியர்க்கும், நெஞ்சடிக்கும், உதடு மரத்துப்போகும்,
கை உதறும்.

வத்தை கவிழ்ந்த காலை திரும்பி வரும்போதும்
அச்சு அசலாய் இதேதான்.

எட்டுப் பேர் போனோம் பூமரிச்சான் தீவுக்கு.
ஏழு பேர் பலகையைப் பிடித்தோம்.
நம்புராணியின் இடுப்பில் பை நிறைய மரிக்கொழுந்துப் பாசி.
அவுத்து விடுடி என்று கத்தினேன்.
"அரைநாள் கூலிடி" என்றாள்.
அவ்வளவுதான் அவள் பேசியது.

வியாழக்கிழமை சபூரா மேடம்.
ஸ்கேன் அறைக்கு எதிரே, ஃபேன் கடகடக்கும் ரூம்.
மறக்கச் சொல்லவில்லை அவர்.
முதலில் இருந்து சொல்லுங்க, இப்ப நடக்கிற மாதிரி, என்கிறார்.
காத்து திரும்புது. வத்தை சாயுது.
ஏழாம் தடவை சொல்லும்போது
அதுவரை சொல்லாத ஒன்று வந்தது:
காலில் கட்டுகிற அலுமினியத் தட்டு.
என்னுடையது நெளிந்துவிட்டதென்று
தன்னுடையதை மாற்றிக் கொடுத்திருந்தாள் அன்று.
மேடம் எழுதுவதை நிறுத்தினார்.
ஃபேன் மட்டும் நிறுத்தவில்லை.

"நடுக்கம் வந்தா மொதல்ல விரலைக் குத்திப் பாருங்க."
மேடமும் சுகர் டாக்டரும்
ஒத்துப் பேசியதுபோல் சொன்னது இது ஒன்றுதான்.

பாறை கிழித்துக் காய்ப்பேறிய விரல்.
மோதிர விரலின் ஓரத்தில் மட்டும்
கொஞ்சம் இளசாய் இருக்கிறது.
அங்கே குத்துவேன்.
அறுபது காட்டினால் மூன்று ஸ்பூன் சீனி.
நூற்று முப்பது காட்டினால்
நம்புராணி வந்திருக்கிறாள்.
அவளுக்குச் சீனி வேண்டாம்.
பாதத்தைத் தரையில் ஊன்றி
கண்ணில் படுகிற ஐந்து சாமானின் பேரைச்
சத்தமாய்ச் சொல்ல வேண்டும்.
குடம். காலண்டர். மகனுடைய ஹெல்மெட்.
அடுப்பு. செருப்பு, அதில் ஒன்று.

ஒருநாள் அறுபத்தொன்பது காட்டியது;
சீனி தின்று கால்மணி நேரம் கழித்து
நூற்றுப் பத்து.
கை உதறிக்கொண்டேதான் இருந்தது.
ஆக, இரண்டும்.
ஒட்டிய சீனியோடு பேர் சொன்னேன்.
கும், காய்ந்தர், எல்மட்.
மருமகள் சிரித்துவிட்டாள், பிறகு அழுதாள்.
நான் இரண்டும் செய்யவில்லை,
அடுத்த சாமானைத் தேடினேன்.

போன வியாழன் பஸ்ஸில் கூட்டம்.
ஜன்னலோரம் மட்டும்தான் இருந்தது.
இடப்பக்கம் தீவுகள்.
பையை எடுத்தேன்; எழுத்து ஆடியது.
ரயில் பாலம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம்
விளக்குக் கம்பம். ஒரு கொக்கு. ஜன்னல் கம்பி.
ஒரு வத்தை.
அதில் எத்தனை பொம்பளைகள் என்று
எண்ணினேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை.
ஆறு. ஆறும் உட்கார்ந்திருந்தார்கள்.

கை நடுங்கியது.
எந்த நடுக்கமென்று குத்திப் பார்க்க
பஸ் குலுக்கல் விடவில்லை.
எதற்கும் இருக்கட்டுமென்று
ஒரு தேன்மிட்டாயை வாயில் போட்டேன்.
மண்டபம் வந்தபோது
பாதி மிச்சமிருந்தது.