தண்ணீருக்குத் தப்பி வந்தவர்

நான்தான் சொன்னேன்.
பழி என்மேல்தான்.

சியாங் மாயில் எங்கள் தையல் கடையில்
கோட்டுக்கு அளவு கொடுத்தபடி
ஹென்ட்ரிக் அலுத்துக்கொண்டார்:
"மூன்று நாள் என்றால் சிரித்துக்கொண்டே நனைவேன்.
இந்த வருஷம் பத்து நாளாம்.
ரொட்டி வாங்கப் போனால்
கூழோடு திரும்ப வேண்டும்."

பக்கத்து நாற்காலி ஆஸ்திரேலியாக்காரர்
காதைத் தட்டிக் காட்டினார்.
போன வருஷம் புகுந்த அகழித் தண்ணீர்
இன்னும் உள்ளே ஆடுகிறதாம்.
பிரெஞ்சுக்காரி ஒருத்தி மட்டும்
"அவர்கள் ஊர், அவர்கள் வருஷப்பிறப்பு.
மிச்ச நாளெல்லாம் காய்ந்துதானே இருக்கிறோம்" என்றாள்.
யாரும் பதில் சொல்லவில்லை.
என் வாயில் குண்டூசி இருந்தது.

குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னேன்:
"எங்க ஊருக்கு வாங்க.
ஆறு இருக்கு, அதுக்குப் பேரும் இருக்கு,
தண்ணிதான் இருக்காது.
ஏப்ரல்ல வைகைக்குள்ள
குளம்பு நனையாம மாடு மேயும்."

பொய்யில்லை.
பத்தொன்பது வயதில் கிளம்பியவன்
விரலில் தேதியை எண்ணினேன்,
நிலாவை எண்ணவில்லை.
அவர்கள் திருவிழா காலண்டரில் வரும்,
நம்மது பௌர்ணமிக்கு வரும்.
இந்த வருஷம் இரண்டும்
ஒரே வாரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன.

முனிச்சாலையில் மச்சான் செல்லப்பாண்டி வீட்டு மாடி.
ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினார்.
"ஊர் ஏன் தூங்கவில்லை?"
"சாமி ஆற்றில் இறங்குகிறது."
"ஆற்றில்தான் தண்ணீர் இல்லையே?"
"சாமிக்காகத் திறந்துவிட்டிருக்கிறார்கள்."
ஒரு கை நீளம், ஒரு கை குட்டை தைத்துவிட்டவனைப்
பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

ஆழ்வார்புரம்.
கூட்டம் எங்களை நடக்க விடவில்லை, அதுவே கொண்டுபோனது.
செம்பில் சர்க்கரை, சர்க்கரைமேல் சூடம்,
காணாமல்போன பிள்ளையின் பேரை
மைக்கில் மூன்றாவது முறையாகச் சொல்லும் போலீஸ்.
சல்லடம் கட்டி, உருமால் சுற்றி,
தோளில் ஆட்டுத்தோல் பையோடு
பாலமேட்டு இருளப்பன்
பையை அக்குளில் வைத்து ஓர் அமுக்கு.
நேராக ஹென்ட்ரிக்கின் நெஞ்சில்.

இரண்டு கையையும் தூக்கிவிட்டார், பாவம்.
பன்னிரண்டு வருஷப் பழக்கம்.
"போன், போன்" என்றார்.
கழுத்தில் பிளாஸ்டிக் உறை போட்டுத்தான் வந்திருந்தார்
தண்ணீரில்லாத ஊருக்கு.

துடைத்துக்கொண்டு கேட்டார்,
"இவர்கள் யாரை நனைக்கிறார்கள்?"
"சாமியை. மலையிலிருந்து வந்த சூடு தணிய."
"அப்புறம் என்னை ஏன்?"
இருளப்பனிடம் கேட்டுச் சொன்னேன்:
"குறுக்கே நின்னீங்களாம்."

முதல் தடவையாகச் சிரித்தார்.
பை என்ன விலை என்றார்.
"வெலைக்கில்ல, ஆட்டைத்தான் கேக்கணும்."

தங்கக் குதிரை இறங்கியபோது
சத்தம் ஒன்று எழுந்தது.
நான் எட்டிப் பார்த்தேன், பட்டு என்ன நிறமென்று.
அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.
கடலைவிடத் தாழ்ந்த ஊர் அவருடையது.
தண்ணீரை வெளியே இறைக்கும் நிலையத்தில்
அப்பாவுக்கு இரவு வேலை.
இங்கே முழங்கால் அளவுக்கு
எண்ணிக் கொடுத்த தண்ணீர்,
அதில் லட்சம் கால்கள்.
"எத்தனை நாள் ஓடும்?"
"அணையை மூடும்வரை."
"அவ்வளவுதானா?" என்றார்,
பத்து நாளை அதிகம் என்றவர்.

வீட்டுக்கு வந்தால் குழாய் காற்றை ஊதியது.
வெள்ளிக்கிழமைதான் தண்ணீர்.
உடம்பெல்லாம் வெல்லமும் மணலுமாக நின்றவரிடம்
தங்கச்சி ஒரு குடம் நீட்டினாள்,
இதுதான் இருக்கு என்றாள்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ரொம்ப நேரம் குளியலறையில் சத்தமே இல்லை.
அப்புறம் போய்ப் பார்த்தேன்.
குடத்தில் பாதி இருந்தது,
மேலே சொம்பைக் கவிழ்த்து
மூடியும் வைத்திருந்தார்.
காதோரம் மட்டும் மணல் போகவில்லை.
நான் சொல்லவில்லை.