முதுகுப் பக்கம்

நாற்பது மீட்டர் உயரத்தில் என் நாற்காலி.
காலுக்குக் கீழே கண்ணாடி,
கண்ணாடிக்குக் கீழே கப்பல்.
நடுவே சில நாள் ஒரு கழுகு போகும்,
சலாலாத் துறைமுகமே தன் பெயரில் இருப்பதுபோல,
இறகசைக்காமல்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் முதுகு.
காய்ந்த தேயிலைத்தூள் நிறம்.
வால் தொடங்கும் இடத்தில்
வெட்டிப் போட்ட நகம்போல் ஒரு வெள்ளைப் பிறை.
கிரேனில் கேமராவுக்கு அனுமதி இல்லை.

புத்தகம் வாங்கினேன்.
அதில் பறப்பவை பெரும்பாலும்
அடிவயிற்றைக் காட்டிக்கொண்டே பறந்தன.
முதுகுக்கு ஓரத்தில் தபால்தலை அளவு இடம்.
சின்ன வயதில் என் வானத்தில் இரண்டே பேர்:
வட்டமடித்தால் பருந்து,
அதைவிடப் பெரிதென்றால் கழுகு.
இங்கே கழுகிலேயே நாலைந்து,
ஒவ்வொன்றும் வயதுக்கொரு சட்டை மாற்றிக்கொண்டு.

ஆகவே வெள்ளிக்கிழமைகளில்
ரைசூத் குப்பைமேட்டுக்குப் போகிறேன்,
அடிவயிறு படிக்க.

கப்பலை விட்டு இறங்கிய உக்ரைன்காரன் ஒருவன்
தொண்ணூறு ரியாலுக்குத் தள்ளிவிட்ட கேமரா.
உள்ளே எங்கோ தூசி.
என் எல்லா வானத்திலும் ஒரே இடத்தில் ஒரு கரும்புள்ளி.
முதல் வாரம் அதையும் பறவைக் கணக்கில் சேர்த்தேன்.
"இங்கே வருகிறவன் மூக்கைத்தான் மூடுவான்,
நீ ஒரு கண்ணை மூடுகிறாய்"
என்றான் வாசலில் முஸல்லம்,
உருதும் அரபியும் கலந்து.

வாயைப் பார் என்று சொன்னவள் ரோவெனா,
ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
மஞ்சள் வாய்க்கோடு
கண்ணின் பின்விளிம்பு வரை ஓடினால் ஸ்டெப்பிக் கழுகு.
பாதிக் கண்ணோடு நின்றால் புள்ளிக் கழுகு.
அரை அங்குலம். அதற்குள் இரண்டு இனம்.

டிசம்பர், மூன்றாம் வெள்ளி.
நாரைகள் ரேஷன் வரிசைபோல் நின்றிருந்தன.
வேலிக்கு அப்பால், லாரி டயர் ஒன்றின் மேல்,
தனியாக அது.
மூச்சைப் பிடித்தேன், நாற்றத்துக்காக அல்ல.
வெயில் ஏற ஏற
அதுவே வாயைத் திறந்தது.
முப்பத்திரண்டு முறை அழுத்தினேன்.
பிறகு அது டயரை உதைத்து எழுந்து,
காற்றில் சாய்ந்து, திரும்பியது:
முதுகு.
பிறை.
"அட, நீயா!"
வாய்விட்டே சொல்லிவிட்டேன்,
தினமும் ஆபீசில் பார்க்கிற ஆளைக்
கல்யாணப் பந்தியில் கண்டதுபோல.

அறைக்கு வந்து பார்த்தால்
முப்பத்திரண்டிலும் முள்கம்பி.
என்ன துல்லியம்!
ஒவ்வொரு முள்ளிலும் துரு,
ஒரு முள்ளில் மோர்ப் பாக்கெட்டின் கிழிசல்,
அதில் பாதித் தேதி.
பின்னால் பழுப்பு நிறத்தில் ஏதோ ஆவி.

கம்பி நன்றாக வந்திருக்கிறது என்று
ரோவெனா பதில் போட்டாள்.
பிறையைச் சொன்னேன்.
"இளம் புள்ளிக் கழுகுக்கும் அங்கே வெள்ளை உண்டு."

நோட்டில் தேதி, இடம், நேரம் எழுதினேன்.
இனம் என்ற கட்டத்தில்
ஸ்டெ வரை வந்து அடித்தேன்.
கழுகு, 1.
பக்கத்தில் சின்னதாக: தெரிந்தவர்.

சனிக்கிழமை.
கொக்கியில் நாற்பதடிப் பெட்டி,
பாதி வழியில்.
கண்ணாடிக்குக் கீழே, நிதானமாக, அந்த முதுகு.
வாய் எங்கே முடிகிறது என்று
மேலிருந்து எப்படித் தெரியும்?
ஆனாலும் குனிந்தேன்.
பெட்டி அந்தரத்தில் நின்றது.

வாக்கி டாக்கியில் ஷிஜு:
"அண்ணா, ஏன் நிறுத்திட்டீங்க?"

"காத்து" என்றேன்.